ஸ்கோர் தாளின் மஞ்சள் பிரதி

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தலைமுடியை இழுத்துப் பின்னால் கட்டியிருந்தார். மேசையில் பாதி குடித்த காபி. எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் புரட்டிவிட்டு, கணினித் திரையைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் கேட்டார்.

"எதற்காக அமெரிக்காவை விட்டு வெளியே வந்தீர்கள்?"

"சொந்தக்காரர்களைப் பார்க்க" என்றேன் நான்.

"ஹாக்கி விளையாட" என்றாள் என் மகள்.

இரண்டு பதில்களும் ஒரே நொடியில், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அந்தச் சிறிய மைக்குக்குள் போயின.

விசைப்பலகை மேல் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அவர் அப்போதுதான் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"எது?"

சென்னையில் மேம்பாலத்தை ஒட்டிய அந்தத் தூதரகத்தில் ஏசி நன்றாகவே வேலை செய்தது. இருந்தும் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் சொல்லப்போகும் பதிலைப் பொறுத்துத்தான் யாழினி தான் வளர்ந்த வீட்டுக்குத் திரும்புவதும் திரும்பாததும். விசா கிடைக்காவிட்டால் அவள் அறை, கல்லூரி, அம்மா எல்லாம் ஒரு கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும்.

 

டெக்சாஸில் பனி ஏது?

இந்தத் தொடரில் போன வாரம், டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் எங்கள் முதல் அபார்ட்மென்ட்டின் வெள்ளைக் கார்பெட்டில் சாம்பார் கொட்டியதோடு நிறுத்தியிருந்தேன். அதில் போகிற போக்கில் என் மகள் ஐஸ் ஹாக்கி ஆடுவாள் என்று ஒரு வரி எழுதியதற்கு, "டெக்சாஸில் பனி ஏது சார்? எங்களுக்குத் தெரியாதென்று கதை விடுகிறீர்களா?" என்று கோவில்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. வெளியே கார் கதவைத் தொட்டால் கை பொசுங்கும். உள்ளே ஒரு பெரிய கொட்டகை முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியின் உட்புறம் போல இருக்கும். ஜூலை மாதத்தில் காரின் பின்சீட்டில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வைத்துக்கொண்டு அலைகிற குடும்பம் எங்களுடையது. அந்தக் கொட்டகைக்கென்று ஒரு வாசனை உண்டு. ஈர ரப்பர், பாப்கார்ன், காயாத கையுறை. இப்போதெல்லாம் அது எனக்கு எங்கள் வீட்டு வாசனை.

ஏழு வயதில் யாரோ ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்துக்கு அங்கே போனாள். சறுக்கத் தெரியாமல் விழுந்துகொண்டே இருந்தாள். சலித்துப்போன பிள்ளைகள் அவளைக் கோலில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அங்கேயே நிற்கிறாள்.

சறுக்கத் தெரியாதவர்கள் ஆடும் இடம் அது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அணியிலேயே நன்றாகச் சறுக்க வேண்டியவர் கோல்கீப்பர்தான் என்று பிறகு தெரிந்தது. 'பக்' என்று சொல்லப்படும் கறுப்பு ரப்பர் வட்டு, உள்ளங்கை அளவுதான். அது ஃப்ரீவேயில் போகும் காரின் வேகத்தில் வரும். அதன் முன்னால் போய் நிற்பதற்கு என் மகள் கோடை விடுமுறைகளை எல்லாம் செலவழித்தாள்.

என்னால் அதைப் பார்க்க முடியாது. அதற்காகவே நான் ஸ்கோரர் ஆனேன். அங்கே பெற்றோர்தான் முறைவைத்து அந்த வேலையைப் பார்க்க வேண்டும். எல்லோரும் நழுவுவார்கள், நான் கேட்டு வாங்குவேன். ஸ்கோரர் பெட்டியில் உட்கார்ந்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், தாளைப் பார்க்க வேண்டும். கோலைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று மூன்று பிரதி உள்ள தாள். அழுத்தி எழுதினால்தான் கடைசிப் பிரதியில் விழும். பத்து வருடம் அழுத்தி எழுதியிருக்கிறேன்.

ஒரு படிவம்

யாழினி பிறந்தது ஈரோட்டில். மூன்று வயதில் என் வேலை விசாவைத் தொற்றிக்கொண்டு அமெரிக்கா வந்தாள். கிரீன் கார்டு வரிசையில் நாங்கள் நிற்பது இது பதின்மூன்றாவது வருடம். பிள்ளைகள் எங்கள் விசாவில் தொங்கிக்கொண்டு இருக்கலாம், இருபத்தொரு வயது வரைக்கும். அதற்குள் கார்டு வராவிட்டால் அவர்கள் வழியை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நாட்டுக்குள்ளேயே இருக்கும்வரை சிக்கல் இல்லை. வெளியே காலை வைத்தால், பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை வாங்காமல் திரும்ப முடியாது. அந்த முத்திரை சிலருக்கு ஒரு வாரத்தில் கிடைக்கும். சிலருக்குக் காரணமே சொல்லாமல் மாதக்கணக்கில் இழுக்கும். எங்கள் முத்திரை காலாவதியாகி ஏழு வருடம். ஏழு வருடமும் நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை. என் மனைவி சுமதி தன் தம்பி கல்யாணத்தை எங்கள் ஹாலில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, டிவியில் பார்த்தாள்.

போன வருடம் வசந்த காலத்தில், நாட்டின் சிறந்த பள்ளி வயதுப் பெண்களைப் பொறுக்கும் முகாம் ஒன்றுக்கு எங்கள் பகுதியில் தேர்வு நடந்தது. அங்கிருந்துதான் பின்னாளில் அமெரிக்க அணிக்கு ஆள் எடுப்பார்கள். பட்டியலில் யாழினி பெயர் இருந்தது. அவளுடைய தோழி மேக்னா பெயரும் இருந்தது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பினாள். உயரம், எடை, எந்தக் கையில் மட்டை. அடுத்து, குடியுரிமைச் சான்றை இங்கே இணைக்கவும்.

சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு லேப்டாப்பை மூடினாள். சத்தம் வராமல் மூடினாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"இட்ஸ் ஃபைன், அப்பா."

"கண்ணு, நான் அவங்களுக்கு ஒரு மெயில் போட்டுப் பாக்கறேன்."

"நோ. டோன்ட்." எழுந்து போனவள் படிக்கட்டில் நின்றாள். "அப்பா, அப்ப நான் எந்த நாட்டுக்குத்தான் விளையாடலாம்?"

மேக்னாவின் அப்பா சுந்தர், மாம்பலத்துக்காரர், நல்ல மனிதர். குடியுரிமை வாங்கி வெகுநாளாகிறது. மறுநாள் ஸ்கோரர் பெட்டிக்கு வந்து என் தோளில் கை வைத்தார். "கவலைப்படாதீங்க சரவணன். அடுத்த வருஷம் ப்ரயாரிட்டி டேட் நல்லா மூவ் ஆகும்னு சொல்றாங்க." கிரீன் கார்டு வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் தேதிதான் ப்ரயாரிட்டி டேட். பதின்மூன்று வருடமாக எனக்கு இதைச் சொல்லாத ஆளில்லை. தலையாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஓடவில்லை. ஆட்டமே தொடங்கவில்லை.

ஐஸ்லாந்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள்

கவலை வந்தால் சிலர் கோவிலுக்குப் போவார்கள். நான் படிப்பேன். எந்த நாட்டுக்கு யார் விளையாடலாம் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாட்டு அணிகள் மோதும் ஐஸ் ஹாக்கிப் போட்டிகளின் பழங்கதை முழுவதையும் படித்தேன்.

நூறு வருடத்துக்கு முன், சுவிட்சர்லாந்து மலையில் திறந்த வெளியில், நாலைந்து ஐரோப்பிய நாடுகள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஆடியதில் தொடங்குகிறது. வெயில் வந்தால் தரை உருகும். அடுத்த கட்டமாக, முதல் உலகப் போர் முடிந்த கையோடு, பெல்ஜியத்தின் துறைமுக நகரம் ஒன்றில், கோடைக்கால ஒலிம்பிக்கோடு ஒட்டி முதல் உலகப் போட்டி. அப்போதெல்லாம் கனடா நாடு முழுக்க ஆள் பொறுக்கி அணி சேர்ப்பதில்லை. உள்ளூரில் ஜெயித்த கிளப் எதுவோ, அதையே கப்பலேற்றி அனுப்பிவிடும்.

அந்த வருடம் ஜெயித்திருந்த கிளப்பில் பெரும்பாலும் ஐஸ்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். அவர்கள் ஊரின் பெரிய அணிகள் அவர்களைத் தங்கள் போட்டியில் சேர்த்துக்கொள்ளவே மறுத்திருந்தன. வேறு வழியாக ஏறி வந்து, நாட்டின் கோப்பையை வென்று, கப்பலில் போகும்போது கப்பல் தச்சரிடம் மட்டைகள் செய்து வாங்கிக்கொண்டு, உலகக் கோப்பையையும் வென்று திரும்பினார்கள். சேர்க்க மறுத்த ஊர் அவர்களை ஊர்வலமாக அழைத்துப் போனது.

இதைப் படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன்.

இன்னொரு கதையும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குச் சில வருடம் முன்பு, ஜெர்மனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவைத் தோற்கடித்துத் தங்கம் வென்றது பிரிட்டன். யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த அணியில் பாதிக்கு மேல் பிரிட்டனில் பிறந்து, குழந்தையாகக் கப்பலேறிப் போய், கனடாவில் வளர்ந்து, அங்கே ஆட்டம் கற்றவர்கள். சர்ச்சை எழுந்தது, புகார் போனது. ஆனால் தங்கம் தங்கம்தான்.

ஓரிடத்தில் பிறந்து இன்னோரிடத்தில் வளர்ந்த பிள்ளைகள். சுமதியிடம் சொன்னேன்.

"அதுக்கென்னங் இப்போ?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

பெண்களுக்கு முறையான உலகப் போட்டி வந்தது வெகு தாமதம். நான் ஈரோட்டில் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த காலம் அது. போட்டியை நடத்திய நாடு தன் வீராங்கனைகளுக்கு ரோஸ் கலர் சட்டை மாட்டிவிட்டது. கூட்டம் வர வேண்டுமாம். அவர்கள் அதையும் போட்டுக்கொண்டு ஆடி, அதிலேயே ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு உச்சியில் பெரும்பாலும் அமெரிக்காவும் கனடாவும்தான். மற்ற நாடுகள் கீழே படிப்படியாக நிற்கும். ஏறலாம், இறங்கலாம். இந்தியப் பெண்கள் வெகுகாலம் அந்தப் படிக்கட்டின் பக்கமே இல்லை. லடாக்கில் வருடத்துக்கு இரண்டு மாதம் உறையும் குளங்களில் ஆடிக்கொண்டிருந்தார்கள். முதலில் கோலில் நின்றவர்கள் கிரிக்கெட் பேடு கட்டிக்கொண்டு நின்றார்கள் என்று படித்தேன்.

யாழினியும் அதைப் படித்திருக்கிறாள். எனக்குத்தான் தெரியாது.

"பாஸ்போர்ட் நகல் அனுப்பவும்"

அவளே இந்தியாவுக்கு எழுதியிருந்தாள். கூடவே, தான் தடுத்த பக்குகளின் வீடியோ ஒன்று. இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு நாள் ஒரே வரியில் வந்தது. பாஸ்போர்ட் நகல் அனுப்பவும்.

இந்திய அணிக்கு ஆட இந்தியக் குடிமகளாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் பிறந்த நம் பிள்ளைகள் யாருக்கும் அது வாய்க்காது. டெக்சாஸ் முழுக்க, பனியில் பத்து வருடம் ஆடிப் பழகி, இன்னும் நீலக் கலர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண் எத்தனை பேர் இருப்பார்கள்? நான் பெற்றவளைத் தவிர ஒருவரும் எனக்குத் தெரியாது. வரிசையில் நின்று நின்று நாங்கள் வாங்கிய தகுதி அது.

வடக்கே பத்து நாள் தேர்வு முகாம். அதில் எடுத்தால், வளைகுடா நகரம் ஒன்றில் ஆசியப் பெண்கள் போட்டி. பள்ளி முடிந்து கல்லூரி தொடங்கும் முன் உள்ள கோடையில்.

நான் வேண்டாம் என்றேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டவர்களின் கதை தினம் ஒன்று வருகிறது. ஒருவர் நாலு மாதம் மாமனார் வீட்டு மாடியில் இருந்தார், வேலையே போய்விட்டது.

சுமதி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள். "ஏனுங்க, இந்த பாஸ்போர்ட்டுனாலதான் அவள வெளிய நிறுத்துனாங்க. இதே பாஸ்போர்ட்டுனால இப்ப ஒருத்தரு உள்ள கூப்புடறாங்க. அதையும் நீங்களே நிறுத்துனா எப்படிங்?"

"திரும்ப விடலைன்னா?"

"எங்கண்ணன் வீட்டுல இருப்பா. காலேஜ் ஒரு செமஸ்டர் தள்ளிப் போவும். நீங்க கூடப் போங்க, ரெண்டு பேருக்கும் ஒண்ணா ஸ்டாம்பிங் முடிச்சிட்டு வாங்க." தோசையைத் திருப்பினாள். "உங்கள விட்டாத்தான் எனக்கு பயம். அவள விட்டா எனக்கு ஒண்ணும் பயமில்லீங்."

"பின்னாடி! பின்னாடி!"

முகாமில் எடுத்துவிட்டார்கள்.

வளைகுடா நகரத்தில் வெளியே அனல். உள்ளே வீராங்கனைகள் மூச்சு விட்டால் புகை வந்தது. அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். கேப்டனை எல்லோரும் 'அச்சே' என்று கூப்பிட்டார்கள். அவர்கள் மொழியில் அக்கா. அச்சேக்கு எடை தூக்கத் தெரியும், பிரார்த்தனை தெரியும், இந்தி தெரியும். ஆங்கிலம் கொஞ்சம்தான். யாழினிக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. ஆங்கிலத்தில் கத்தினால் எதிரணிக்கும் புரியும். ஆகவே முகாமிலேயே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

முதல் ஆட்டத்தில் நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே எனக்குப் பெட்டியும் இல்லை, தாளும் இல்லை. திடீரென்று கோலிலிருந்து ஒரு குரல்.

"பின்னாடி! பின்னாடி! வலது!"

வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண். லடாக்கியப் பெண்கள் இருவர் சட்டென்று வலது பக்கம் திரும்பி அடைத்தார்கள்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். எதிரணியின் நாட்டை எழுதவில்லை. அந்தப் பெண்களையும் யாரோ பெற்று, யாரோ காரில் ஏற்றிக்கொண்டு அலைந்திருப்பார்கள். நாங்கள் மூன்று கோல், அவர்கள் இரண்டு. கடைசி நிமிடத்தில் எங்கள் பெண் ஒருத்தி தவறு செய்து தண்டனைப் பெட்டிக்குப் போனாள். கோல்கீப்பரைத் தவிர எங்களுக்கு ஐந்துக்குப் பதில் நாலே பேர். எதிரணி தன் கோல்கீப்பரையும் வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்கியது. நாலு பேருக்கு ஆறு பேர். நாற்பத்தேழு நொடி.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்கம். மற்றதெல்லாம் காதில்தான் விழுந்தது. மட்டை சுற்றுப் பலகையில் படும் சத்தம். ரப்பர், காலில் கட்டிய திண்டில் மோதும் சத்தம், யாரோ மெத்தையைத் தட்டுவது போல. "இடது! இடது!" இன்னொரு மோதல். இரும்புக் கம்பத்தில் 'டங்' என்று ஒன்று. என் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மலையாளப் பெண்மணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பதினொன்று. ஒன்பது. மறுபடியும் திண்டு. நாலு.

மணி அடித்ததும்தான் பார்த்தேன். யாழினி குப்புறப் படுத்திருந்தாள். பக் அவள் வயிற்றுக்கடியில் இருந்தது. அவள்மேல் நாலு பெண்கள் விழுந்துகிடந்தார்கள்.

இந்தப் போட்டிகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் வென்ற அணியின் தேசிய கீதம் ஒலிக்கும். தோற்றவர்களும் எதிரே வரிசையாக நின்று கேட்க வேண்டும். டெக்சாஸில் வாரா வாரம் அமெரிக்கக் கீதத்துக்கு நின்றே வளர்ந்தவளுக்கு நம்முடையது பாதிதான் தெரியும். மீதியை அச்சே முகாமில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, வியர்வை வழிய, ஒரு வரியும் விடாமல் பாடினாள்.

போன் அடித்தது. ரவுண்ட் ராக்கில் காலை எட்டரை மணி.

"ஏனுங்க, ஸ்கிரீன் அப்படியே நின்னு போச்சுங். ரெண்டு நிமிசமா அவ காலைத் தூக்கிட்டு நிக்கறா. என்னாச்சு?"

 போனை மைதானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தேன். கடைசி வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் சுமதி நாற்காலியை நகர்த்தி எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பிறகு நான் செய்த ஒரே காரியம், ஸ்கோரர் பெட்டிக்குப் போனது. நரைத்த தாடிக்காரர் ஒருவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கணக்கை முடித்துக்கொண்டிருந்தார். "நானும் ஸ்கோரர்தான்" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு மஞ்சள் பிரதியைக் கிழித்துக் கொடுத்தார். அழுத்தித்தான் எழுதியிருந்தார்.

வேளச்சேரி ஒத்திகை

இவ்வளவும் நடந்த பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சென்னை வேளச்சேரியில் சுமதியின் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், விசா நேர்காணலுக்கு ஒத்திகை வைத்தேன். மச்சான்தான் அதிகாரி. நான் வசனம் சொல்லிக் கொடுத்தேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில். ஹாக்கிங்கற வார்த்தையே வரக்கூடாது. சொந்தக்காரங்களப் பாக்க வந்தோம், அவ்வளவுதான்."

"ஒய்?"

"நீ இன்னொரு நாட்டுக்கு விளையாடிட்டு வந்திருக்கேன்னு தெரிஞ்சா, ஆயிரம் கேள்வி கேப்பாங்க கண்ணு."

"இன்னொரு நாடா?" தன் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "அப்பா, இதுல போட்டிருக்கற நாடு."

மச்சான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பாப்பா சொல்றது சரிதானே மாப்ள?" என்றார். அவரையும் அடக்கினேன். பிறப்புச் சான்றிதழ், கல்யாண ஆல்பத்திலிருந்து மூன்று படங்கள், சம்பளச் சீட்டுகள், வரித் தாள்கள், வீட்டு வாடகைப் பத்திரம் என்று என் கோப்பு இரண்டு செங்கல் கனம். அதிலிருந்து ஹாக்கி சம்பந்தப்பட்ட ஒவ்வொன்றையும் உருவினேன். அழைப்புக் கடிதம், சான்றிதழ், அணிப் படம். பதக்கத்தை மச்சான் பீரோவில் வைத்துப் பூட்டினோம்.

மஞ்சள் பிரதியை மட்டும் வெளியே வைக்க மனம் வரவில்லை. மடங்கிவிடுமே என்று இரண்டு சம்பளச் சீட்டுகளுக்கு நடுவே செருகிவைத்தேன்.

"எது?"

"எது?" என்று அதிகாரி கேட்டார் அல்லவா. அங்கேதான் விட்டேன்.

யாழினி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. படிவத்தை மூடிய அன்றைய முகம் அது. இட்ஸ் ஃபைன் என்று சொல்லிவிடுவாள் போலிருந்தது. என் பொய்க்காகத் தன் உண்மையை விட்டுக்கொடுத்துவிடுவாள்.

"ஐஸ் ஹாக்கியா?" அதிகாரி கேட்டார். "இந்தியாவில்?"

"இந்திய அணிக்கு. நான் கோல்கீப்பர்."

"அதற்கு ஏதாவது ஆதாரம் வைத்திருக்கிறீர்களா?"

கேள்வி என்னிடம்தான். கோப்பு என் கையில்தான் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் என் பதில் நிற்கும், அவளுடையது பொய்யாகும். அந்தத் தாளை எடுத்தால் நான் பொய்யன். விசா நேர்காணலில் பொய் சொன்னவனுக்கு என்ன நடக்கும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விரிவாகப் படித்திருக்கிறேன்.

சம்பளச் சீட்டுகளுக்கு நடுவிலிருந்து அதை உருவினேன். சீட்டுகள் தரையில் சிதறின. கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாகத் தாளைத் தள்ளினேன்.

"மேடம், நான் சொன்னது தப்பு. இதற்காகத்தான் வந்தோம். சொந்தக்காரர்களையும் பார்த்தோம். ஆனால் இதற்காகத்தான்."

அவர் படித்தார். மேலிருந்து கீழாக, நிதானமாக, விரல் வைத்துப் படித்தார். யாழினியின் சட்டை எண்ணான முப்பத்தொன்றுக்கு நேரே விரல் நின்றது. பாஸ்போர்ட்டை எடுத்துப் பெயரை ஒப்பிட்டார். பிறகு கடைசி வரிக்குப் போனார்.

"ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குள் உங்கள் அணியில் ஒருவருக்குத் தண்டனை என்று போட்டிருக்கிறது. அப்புறம் என்ன ஆனது?"

யாழினி சொன்னாள். நாலு பேருக்கு ஆறு பேர் என்று தொடங்கி, எங்கிருந்து அடித்தார்கள், எதை எந்தக் காலால் தடுத்தாள், கம்பத்தில் பட்டது எது, கடைசியில் பக் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அதன்மேல் படுத்தது வரை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாற்பத்தேழு நொடியை அப்போதுதான் முழுசாகக் கேட்டேன். பக்கத்து ஜன்னலில் நின்ற ஒரு குடும்பமும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதிகாரி எதையோ டைப் செய்தார். நீண்ட நேரம் செய்தார். எங்கள் பாஸ்போர்ட்டுகளை எடுத்துத் தன் பக்கத்துத் தட்டில் போட்டார். மஞ்சள் பிரதியை மட்டும் திருப்பித் தந்தார்.

"இரண்டு விசாவுக்கும் அனுமதி கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டுகள் ஒரு வாரத்தில் வரும்." பிறகு என்னைப் பார்த்தார். "சார், அடுத்த தடவை அவரையே பதில் சொல்ல விடுங்கள்."

வெளியே வந்ததும் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். இளநீர்க்காரர் கேட்காமலே ஒன்றைச் சீவினார். யாழினி பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தட்டினாள்.

"யூ டிட் குட், அப்பா" என்றாள். அது அவர்கள் அணியில் கோல் விட்ட கோல்கீப்பரிடம் சொல்கிற வார்த்தை.

மறுபடியும் பெட்டிக்குள்

ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமைக் காலை, ரவுண்ட் ராக்கிலிருந்து கிளம்பி அதே கொட்டகைக்குப் போனோம். அவள் கல்லூரிக்குப் போகும் முன் கடைசி ஆட்டம். கேட்டு வாங்கி ஸ்கோரர் பெட்டியில் உட்கார்ந்தேன். சுந்தர் வந்தார். சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"சரவணன், ஒண்ணு கேக்கணும். மேக்னாவுக்கு இந்தியன் பாஸ்போர்ட் எடுக்கணும்னா என்ன ப்ரொசீஜர்?"

"எதுக்கு சுந்தர்?"

"இந்த வருஷம் கேம்ப் லிஸ்ட்ல பேர் வரல. வீட்ல யாழினி வீடியோவையே போட்டுப் போட்டுப் பாத்துட்டு இருக்கா. எங்கயாவது அப்ளை பண்ண முடியுமான்னு கேக்கறா."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "யு.எஸ். பாஸ்போர்ட்டை விடணும். அங்க போய் வருஷக்கணக்கா இருக்கணும். அப்புறம் அப்ளை பண்ணிட்டு வெயிட் பண்ணணும்."

"எவ்ளோ நாள் ஆகும்?"

"சொல்ல முடியாது. லைன் கொஞ்சம் நீளம்."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு இருவரும், பக்கத்துத் தண்டனைப் பெட்டியில் இருந்தவர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

"நான் உங்ககிட்ட அந்த ப்ரயாரிட்டி டேட் பத்திப் பேசினத எல்லாம் மறந்துடுங்க" என்றார்.

"ஒரு காபி வாங்கிட்டு வாங்க. மறந்துடறேன்."

கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. அவளுக்கு இருபத்தொன்று ஆக இரண்டு வருடமும் சில மாதங்களும் இருக்கின்றன. அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் பல் தேய்த்ததில்லை. அடுத்த கோடையில் வருவாயா என்று அச்சே கேட்டு அனுப்பியிருக்கிறாள். வருகிறேன் என்று என்னைக் கேட்காமலே பதில் போய்விட்டது.

தாளில் தேதி எழுதினேன். அணிகளின் பெயர் எழுதினேன். மூன்றாவது பிரதியிலும் விழும்படி அழுத்தி, முப்பத்தொன்று, யாழினி சரவணன் என்று எழுதினேன். எதிரே அவள் வழக்கம்போல இடது கம்பத்தை ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் குனிந்து நின்றாள்.

நடுவர் பக்கைக் கீழே போட்டார். பொத்தானை அழுத்திக் கடிகாரத்தை ஓடவிட்டேன். ஓடட்டும் என்று விட்டுவிட்டு, கோலைப் பார்த்தேன்.